மாரியும் மலக்குழியும்

கழிவுநீரைப் பற்றி எழுதப் பத்திரிகைகளில் இடம் கிடைப்பது அரிது. நீண்ட காலம் செய்தி எழுதியவன் என்ற முறையில் இது எனக்கு நன்றாகவே தெரியும். இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டால் அது முதற்பக்கப் படம். அதே வெள்ளத்தில் ஒரு கிராமத்தின் மலசலகூடக் குழிகள் நிரம்பிக் கிணறுகளோடு கலந்துவிட்டால் நான்கு வரி; அதுவும் வாந்திபேதி பரவிய பிறகுதான். இங்கே கத்தரிக்கோலோடு நிற்கும் ஆசிரியர் எவரும் இல்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2022 டிசம்பரில் மண்டோஸ் புயலின்போது வன்னியில் அடித்த குளிர்காற்றைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மழையிலும் குளிரிலும் விறைத்து இறந்தன. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் கனடாவிலிருந்து மருமகன் தொலைபேசியில் அழைத்தான். அவன் அங்கே ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்பவன். மாட்டைப் பற்றி விசாரித்து முடித்தவன், "உங்கட குழியளுக்கு இந்தக் குளிர் தாங்குமோ மாமா?" என்று கேட்டான். முதலில் சிரித்தேன். பிறகு அவன் சொன்னவற்றைக் குறிப்பெடுத்துக்கொண்டேன். தொழில் பழக்கம் விடுமா?

கழிவுநீரைத் தூய்மையாக்குவது பெரும்பாலும் இயந்திரமல்ல, பற்றீரியா. 1914இல் மன்செஸ்டரில் ஆர்டேன், லொக்கெட் என்ற இருவர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்திக்கொண்டேயிருந்தபோது அது முழுமையாகத் தூய்மையாவதற்கு ஏறத்தாழ ஐந்து வாரங்கள் பிடித்தன. அடியில் படிந்த மண்டியை வீசாமல் வைத்துக்கொண்டு அதன்மேல் புதிய கழிவுநீரை ஊற்றினார்கள். இப்படித் திரும்பத் திரும்பச் செய்தபோது, அதே வேலை ஒரு நாளில் முடிந்தது. அந்த மண்டிதான் நுண்ணங்கிகளின் குடியிருப்பு. இன்றைக்கு உலக நகரங்கள் பலவற்றின் சுத்திகரிப்பு நிலையங்கள் இந்தத் தயிர் உறை போடும் வித்தையில்தான் ஓடுகின்றன.

குளிர் வந்தால் இந்தக் குடியிருப்பு சோம்பிவிடும். வெப்பநிலை 10 பாகை குறைந்தால் வேலை ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் இனம் எல்லாவற்றிலும் செல்லப்பிள்ளை. மெதுவாகவே பெருகும், நீரின் வெப்பம் 5 பாகைக்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் கைவிட்டுவிடும். குளிர்ந்த நீர் தடிப்பாகிவிடுவதால் மண்டி அடியில் படியவும் தாமதமாகும். ஒரேயொரு நன்மை உண்டு: குளிர்நீர் கூடுதல் ஒட்சிசனைப் பிடித்துவைத்திருக்கும். 30 பாகையில் ஒரு லீற்றரில் ஏழரை மில்லிகிராம் அளவே கரையும். 10 பாகையில் பதினொன்றுக்கு மேல்.

அப்படியானால் பனிநாட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள்? மருமகனின் பதில் எளிமையானது. வேகம் குறைந்த வேலையாட்களைக் கொண்டு அதே வேலையை முடிக்க வேண்டுமானால், ஆட்களைக் கூட்ட வேண்டும், நேரத்தையும் கூட்ட வேண்டும். கோடையில் ஐந்தாறு நாளில் வெளியேற்றும் மண்டியைக் குளிர்காலத்தில் பன்னிரண்டு, பதினைந்து நாள் வரை தொட்டிக்குள் வைத்திருப்பார்களாம். இதை இலையுதிர்காலத்திலேயே தொடங்கிவிட வேண்டும். பனி விழுந்த பிறகு அந்த இனத்தைப் பெருக்க முடியாது. நீரை மேலே வீசியடிக்கும் காற்றூட்டிகள் அதைக் குளிரவைத்துவிடும் என்பதால், அடியிலிருந்து குமிழியாகக் காற்றைவிடும் முறையை விரும்புவார்கள். நோர்வேயில் 1980களின் பிற்பகுதியில் இன்னொரு வழி கண்டார்கள்: சின்னச் சில்லுகளைப் போன்ற பிளாஸ்டிக் துண்டுகளைத் தொட்டியில் மிதக்கவிட்டு, நுண்ணங்கிகளை அவற்றில் ஒட்டி வளரச் செய்வது. வெள்ளம் எவ்வளவு வந்தாலும் அவை அடித்துச் செல்லப்படமாட்டா. 1994 குளிர்கால ஒலிம்பிக் நடந்த லில்லஹாமர் நகரத்தின் நிலையம் இந்த முறையில் அமைந்தது.

இந்தியப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வேறொரு திசையில் போனது. சியாச்சின் பனிமலையில் படையினரின் மலக்கழிவு உக்காமல் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தது. அந்தார்ட்டிக்கா முதலிய குளிர்ப் பிரதேசங்களிலிருந்து எடுத்த பற்றீரியாக்களைப் பழக்கி, மூடிய தொட்டியில் வளர்த்தார்கள். அந்த ஆராய்ச்சியின் வாரிசுகள்தாம் இன்று இந்திய ரயில் பெட்டிகளின் அடியில் தொங்குகின்றன. தமிழ்நாட்டுக்கு ரயிலில் போன நம்மவர்கள் தம்மை அறியாமலே அதைப் பயன்படுத்தியிருப்பார்கள்.

இனி வன்னிக்கு வருவோம். இங்கே குளிர் என்பது காற்றில்தான். நிலத்துக்குக் கீழே ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பு. மருமகனின் கேள்விக்கு நேர்ப்பதில்: தாங்கும். ஆனால் அவன் இன்னொன்றும் சொன்னான். அவர்களுக்கு மிகக் கெட்ட நாள் பனி கொட்டும் நாளல்ல. பனி உருகும் நாள். உருகிய நீர் நிலத்தடிக் குழாய்களின் வெடிப்புகளூடாகப் புகுந்து, தொட்டியில் கழிவு தங்கும் நேரத்தைக் களவெடுத்துவிடும். இதைக் கேட்டபோதுதான் எனக்கு நம் மாரி நினைவுக்கு வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலெழுந்து குழிக்குள் வருகிறது. உள்ளே இருக்கும் பற்றீரியாக்களுக்குச் சூட்டில் குறைவில்லை, பறிபோவது நேரம். பாதி உக்கிய கழிவு அந்த நீரோடு மண்ணுக்குள் இறங்கி, 50 அடி தள்ளியிருக்க வேண்டிய, ஆனால் பெரும்பாலும் அப்படி இல்லாத கிணற்றுக்குப் போய்ச் சேர்கிறது.

இது பெரிய அளவில் நடந்ததையும் நாம் கண்டோம். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் நடுப்பகுதியில் பெய்த மழையிலேயே மலசலகூடக் குழிகள் நிரம்பி, கூடாரங்களுக்கிடையே வழிந்தன. பருவமழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பின்னர் வெளியே வந்தவர்களோடு பேசியபோது, பசியைவிட அந்த நாற்றத்தைப் பற்றிச் சொன்னவர்களே அதிகம். 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில் நான் கண்டதும் இதன் சிறிய பதிப்புத்தான். மீள்குடியேறியவர்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகள் நன்றாகத்தான் இருந்தன. குழியின் மூடி எங்கே என்று தண்ணீரில் தடிகொண்டு தேட வேண்டியிருந்தது.

காற்றூட்டி நிலையம் வைத்திருக்கும் விடுதிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் எமது நாட்டில் வேறொரு குளிர்காலம் உண்டு: மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது, காற்றில்லாத தொட்டிகளில் அந்த நுண்ணங்கிகள் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எவரும் எழுதவில்லை.

வீட்டுக் குழியில் செய்யக்கூடியவை சில உண்டு. கூரைத் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடாமல் வாய்க்காலைத் திருப்புங்கள். தாழ்ந்த காணியானால் தொட்டியின் வாயை வெள்ளமட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள். கிருமிநாசினியைப் போத்தல் போத்தலாக ஊற்றாதீர்கள். அது வேலையாட்களையே கொல்லும். கடையில் விற்கும் பற்றீரியாத் தூளுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. வேண்டிய விதை நம் வயிற்றிலிருந்தே போகிறது. முக்கியமாக, தொட்டியை மழைக்கு முன்பே இறையுங்கள். அடியில் சிறிது மண்டியை விட்டுவிடச் சொல்லுங்கள். நிலம் ஊறிய பிறகு வெறுமையாக்கினால் தொட்டியே மேலே கிளம்பி வெடிக்கக்கூடும். ஆவணியில் பிரதேச சபைக்குப் போனால் பவுசர் கிடைக்கும். கார்த்திகையில் போனால் உங்களுக்கு முன்னால் ஊரே நிற்கும்.