வாடகை தராத குடித்தனக்காரர்கள்

போன மாசம் பதினாலாயிரம் ரூபாய்க்கு ஒரு செல்போன் வாங்கினேன். 128 ஜி.பி. என்று டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. திறந்து பார்த்தால், நான் பால் காய்ச்சுவதற்கு முன்பே உள்ளே இருபத்தோரு பேர் குடித்தனம்! ரம்மி ஆடுகிறவர், துணி விற்கிறவர், ஜோசியம் சொல்கிறவர், கடன் கொடுக்கிறவர்...

அழுத்திப் பிடித்தால் சிலர் மரியாதையாக 'அன்இன்ஸ்டால்' ஆகிறார்கள். சிலருக்கு 'டிஸேபிள்' மட்டும்தான். அதாவது, வீட்டை விட்டுப் போகமாட்டார். பரணில் ஏறிப் படுத்துக்கொள்வார். இவர்கள் போனின் சிஸ்டம் பகுதியில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். அங்கே நாம் கை வைக்க முடியாது. கம்ப்யூட்டரில் இணைத்து ஏ.டி.பி. என்ற கருவியால் கட்டளை போட்டால் கண்ணிலிருந்து மறைவார்கள். ஃபேக்டரி ரீசெட் செய்தால் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்துவிடுவார்கள்.

பி.காம். படித்ததற்கு இந்தக் கணக்காவது புரிகிறது. விலை குறைந்த போனில் லாபம் நூலளவு. அதனால் ஆப் கம்பெனிகளிடம் காசு வாங்கிக்கொண்டு உள்ளே இடம் விடுகிறார்கள். வீடு என்னுது, வாடகை அவங்களுக்கு!

தொலையட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால், போன் வாங்கியது அம்மாவுக்காக. இரண்டாம் நாளே ஆபீசுக்குக் கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது.

"ஏண்டா, என்கிட்ட சொல்லாம ரெண்டு லட்சம் கடன் போட்டிருக்கியா? ரெடியா இருக்குன்னு போன்ல வந்திருக்கே..."

அப்பாவின் கடனுக்காக அவளுடைய வளையல் நாலும் அடகுக்கடையில் முழுகிப்போனது. கடன் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குத் தூக்கம் போய்விடும். விளம்பரம்தான் என்று புரியவைக்க அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அரசாங்கத்துக்கும் இந்த ஆசை வந்தது. 2025 நவம்பர் கடைசியில், 'சஞ்சார் சாத்தி' ஆப்பைப் புது போன்களில் ஏற்றியே விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. நாடே சத்தம் போட, டிசம்பர் 3-ம் தேதி கட்டாயம் வாபஸ்! கத்தினால் சில சமயம் காது கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, பெரிய கம்பெனிகள் தங்கள் ஆப்களைச் சுலபமாக நீக்க வழிவிட வேண்டும் என்ற சட்டம் 2024 மார்ச்சிலிருந்து அவர்களைக் கட்டுப்படுத்துகிறது.

நமக்கு அப்படி வரும்வரை ஒரு யோசனை. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குப் புது போன் வாங்கித் தருகிறீர்களா? ஸ்கிரீன் கார்டு ஒட்டுவதற்கு முன்னால் செட்டிங்ஸுக்குள் போய், வேண்டாத ஆப்களின் நோட்டிஃபிகேஷனை ஒவ்வொன்றாக அணைத்துவிடுங்கள். பத்து நிமிஷ வேலை. துரத்த முடியாத குடித்தனக்காரரின் வாயையாவது கட்டலாமில்லையா?