விதை நெல்லும் கணினிக் கணக்கும்

தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் வீடு; நிலம் உத்திரமேரூர் பக்கம். போட்ட ரகம், கண்ட மகசூல், வரவு செலவு என்று அந்த விவசாயியின் பத்து ஆண்டுக் கணக்கு வீட்டுக் கணினியில் இருந்தது. நகலும் எடுத்திருந்தார். ஆனால், அந்த ஹார்டு டிஸ்க் அதே மேசையின் இழுப்பறையில்!

2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. கணினி, நகல் இரண்டுமே மூழ்கின.

தொலைந்த பட்டா, சான்றிதழ்களுக்கு அரசு முகாம் நடத்தி நகல் தந்தது. இந்தக் கணக்குக்கு யார் தருவார்?

'சிஸ்டம் ரீஸ்டோர்' செய்தால் வருமா என்று கேட்டார். கணினி பிழைத்திருந்தாலும் வராது. அது விண்டோஸ் அமைப்புகளைத்தான் பழைய நிலைக்குத் திருப்பும். அழிந்த கணக்கையோ படத்தையோ மீட்காது. 'டி' டிரைவில் வைக்கும் நகலும் பெரும்பாலும் அதே டிஸ்க்கின் இன்னொரு பாத்திதான்.

அதே 2015-ல், போரால் சிரியாவின் அலெப்போ விதை வங்கியைப் பயன்படுத்த முடியாமல்போன இக்கார்டா ஆய்வு மையம், நார்வேயின் ஸ்வால்பார்டு பெட்டகத்தில் கொடுத்து வைத்திருந்த விதைகளைத் திரும்பப் பெற்று, லெபனானிலும் மொராக்கோவிலும் பெருக்கியது. நகல் வேறிடத்தில் இருந்ததால் விதை பிழைத்தது.

விதை நெல்லில் ஒரு மூட்டையைப் பங்காளி வீட்டில் வைப்பது அவருக்கும் பழக்கம்தான். இப்போது கணக்குக்கும் அப்படியே: கணினியில் ஒன்று, ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, உத்திரமேரூரில் தம்பி வீட்டில் ஒன்று. மாதம் ஒருமுறை நகலைத் திறந்தும் பார்க்கிறார். முளைப்புத்திறன் பார்க்காத விதையை நம்பி நாற்றங்கால் விட முடியுமா?