கோடோவும் என் தாத்தாவும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி ஒருத்தி எழுதியது)

ஒன்றுமே நடக்காத நாடகத்தை யாராவது காசு கொடுத்துப் பார்ப்பார்களா? பார்த்தார்கள், தோழியரே! 1953-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் பாரிஸ் நகரத்தில் சிறிய அரங்கு ஒன்றில் அப்படி ஒரு நாடகம் அரங்கேறியது. எழுதியவர் அயர்லாந்துக்காரரான சாமுவேல் பெக்கெட். நாடகத்தின் பெயர் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்'.

ஒரு நாட்டுப்புறச் சாலை. ஓரத்தில் ஒரு மொட்டை மரம். விளாடிமிர், எஸ்ட்ரகன் என்ற இரண்டு ஏழைகள் கோடோ என்பவருக்காகக் காத்திருக்கிறார்கள். அவர் யார், எதற்காக வருகிறார் என்பது அவர்களுக்கே சரியாகத் தெரியாது. பொழுது போக்கச் சண்டையிடுகிறார்கள், சமாதானமாகிறார்கள், செருப்பைக் கழற்றுகிறார்கள், தொப்பிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கொள்கிறார்கள். மாலையில் ஒரு சிறுவன் வந்து, இன்று அவர் வரமாட்டார், நாளை கட்டாயம் வருவார் என்று சொல்லிவிட்டுப் போகிறான். மறுநாளும் இதே கதைதான். நேற்று வந்தவன் நானில்லை என்று வேறு அந்தச் சிறுவன் சொல்கிறான்!

இத்தகைய நாடகங்களுக்கு மார்ட்டின் எஸ்லின் என்ற திறனாய்வாளர் ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் நாம் 'அபத்த நாடகம்' என்கிறோம். இயோனெஸ்கோவின் 'நாற்காலிகள்' இவ்வகையைச் சேர்ந்தது. அதில் ஒரு கிழவரும் கிழவியும் கண்ணுக்குத் தெரியாத விருந்தினருக்கு நாற்காலி போட்டுக்கொண்டே இருப்பார்கள். கிழவரின் வாழ்நாள் செய்தியை உலகுக்குச் சொல்ல அழைக்கப்பட்ட பேச்சாளர் கடைசியில் ஊமையாக இருப்பார். மனித வாழ்க்கைக்குப் பொருளில்லை, நாம் பேசும் பேச்சுக்கும் பொருளில்லை என்று இந்நாடகங்கள் காட்டுவதாக விளக்க நூல்களில் எழுதியிருக்கிறது.

நம் மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. பழைய தஞ்சை மாவட்டத்தில், காவிரி கடலை நெருங்கும் பகுதியிலுள்ள புஞ்சை என்னும் ஊரில் 1936-இல் பிறந்த ந. முத்துசாமி அவர்கள், 1960-களின் இறுதியில் 'காலம் காலமாக' என்ற நாடகத்துடன் எழுதத் தொடங்கினார். அவர் நாடகங்களில் அபத்த நாடகத்தின் சாயல் உண்டு என்பார்கள். பின்னர் அவர் தெருக்கூத்தின் பக்கம் திரும்பி, 1977-இல் சென்னையில் 'கூத்துப்பட்டறை'யைத் தொடங்கினார். 2012-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2018-இல் மறைந்தார். எங்கள் வகுப்பில் தொப்பி மாற்றும் காட்சியை நடித்தபோது கூத்தில் வரும் கட்டியக்காரன்தான் என் நினைவுக்கு வந்தான். ஆகவே முத்துசாமி அவர்கள் அங்கிருந்து இங்கே வந்ததில் எனக்கு வியப்பில்லை.

ஆம், 2025-இல் இந்நாடகத்தின் சில பகுதிகளை ஆங்கில வகுப்பில் நாங்கள் நடித்தோம். மணல் நிரப்பிய வாளியில் ஒரு வேப்பங்கொம்பை நட்டு வைத்தோம். அதுதான் மரம். (பெண்கள் இதில் நடிப்பது பெக்கெட்டுக்குப் பிடிக்காதாம். 1988-இல் நெதர்லாந்தில் வழக்கே போட்டுத் தோற்றார். நல்ல வேளை, எங்கள் வகுப்பை அவர் பார்க்கவில்லை.) வாழ்க்கை அர்த்தமற்றது என்று சொல்லும் நாடகம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று ஓர் ஆசிரியை கேட்டார்கள். "முதலில் வாசிக்கட்டும், பிறகு பேசலாம்" என்றார்கள் சிஸ்டர். நான் உயரம் குறைவு என்பதால் சிறுவன் வேடம் எனக்கு வந்தது. பேச வேண்டியது மிகக் கொஞ்சம். ஆனால் பேச வாயெடுத்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக் கொண்டது. ஏனென்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வயல் வாய்க்காலின் கடைமடையில் இருக்கிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். வழக்கம் என்று பெயர்தான். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாளில் திறக்கவில்லை. தாத்தாவுக்குக் கண் மங்கிவிட்டதால் செய்தித்தாளில் அணையின் நீர்மட்டத்தைப் படித்துச் சொல்வது என் வேலை. 2024 ஜூன் மாதம் நான் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருந்தேன். 120 அடி அணையில் அப்போது 50 அடிகூட இல்லை. ஒவ்வொரு காலையும் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து, "என்ன அளவு, பாப்பா?" என்பார். நான் சொல்வேன். "சரி, நாளைக்குப் பார்ப்போம்" என்பார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. நீர்மட்டம் முதல்நாளைவிடக் குறைந்திருந்தது. நான், "நாலு அடி ஏறியிருக்கு தாத்தா" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்ததே, அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அங்கே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் செய்தித்தாளை எடுத்துக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். இதெல்லாம் பின்னால் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தாத்தா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை அதே திண்ணையில் உட்கார்ந்து, "என்ன அளவு, பாப்பா?" என்றார். நான் உள்ளதை உள்ளபடி படித்தேன்.

அந்த ஆண்டு ஜூலை 28-இல்தான் அணை திறந்தது. குறுவை போனது போனதுதான்.

நாடகத்தை நடித்த அன்று மாலை தாத்தாவிடம் கதை முழுவதையும் சொன்னேன். படித்தவர்களே குழம்பும் நாடகமாயிற்றே, பாதியில் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். 1957-இல் அமெரிக்காவில் சான் குவென்டின் சிறையில் ஏறத்தாழ 1,400 கைதிகளுக்கு முன் இதை நடித்தபோது அவர்கள் அசையாமல் பார்த்தார்களாம். காத்திருப்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தாத்தாவும் அப்படித்தான் கேட்டார். பெக்கெட் போர்க்காலத்தில் பிரான்சு நாட்டுக் கிராமம் ஒன்றில் ஒளிந்திருந்து வயல்வேலை செய்தவர் என்று சொன்னதும், "அதானே பார்த்தேன்" என்றார்.

இரண்டாம் அங்கத்தில் அந்த மொட்டை மரத்தில் நாலைந்து இலைகள் வந்திருக்கும். நாங்கள் பச்சைக் காகிதத்தை வெட்டி ஒட்டினோம். அதைச் சொன்னதும் தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இலை வந்துச்சா? அப்ப அடியிலே ஈரம் இருக்குன்னு அர்த்தம். அவங்க ரெண்டு பேரும் அதைப் பார்க்கலையா?"

"பார்த்தாங்க தாத்தா. ஒரே ராத்திரியிலே எப்படி வந்துச்சுன்னு பேசிக்கிறாங்க. அப்புறம் விட்டுடுறாங்க."

"அங்கேதான் கொஞ்சம் தோண்டிப் பார்த்திருக்கணும்" என்றார்.

எந்த விளக்க நூலிலும் நான் இதைப் படித்ததில்லை. கோடோ வராததனால் வாழ்க்கைக்கே பொருளில்லை என்று ஆகிவிடுமா என்று நான் சிஸ்டரிடம் கேட்க நினைத்திருந்த கேள்வி, அதன் பிறகு அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை. ஆனால் எனக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. நான் எந்த வேடம் போட்டேன் என்று அவரிடம் சொன்னேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

"நாளைக்கு வருவாருன்னு சொன்னானே, அந்தப் பையனை அவங்க அடிச்சாங்களா?"

"அடிக்கலை தாத்தா. கொஞ்சம் மிரட்டினாங்க."

"பாவம், சின்னப் பிள்ளை. அவன் என்ன பண்ணுவான்?" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். நான் எடுத்து வர உள்ளே போனேன்.