கடைமடைக்கு எட்டும் சத்தம்

பாலசமுத்திரத்துக்காரர்களுக்கு மடைக்கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பாலாறு பொருந்தலாறு அணையில் தண்ணீர் எவ்வளவு நின்றாலும், வழியில் வாய்க்கால் எங்கே இடுங்கியிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் கடைமடை நனையும். டிவியும் ஹோம் தியேட்டரும் பழுதுபார்க்கிற எங்கள் தொழிலும் இதே கணக்குதான். 5.1, டி.டி.எஸ்., 4கே என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் ஒவ்வொன்றும் ஓரிடத்துச் சொல். சில டிஸ்க்கைப் பற்றியவை, சில வயரைப் பற்றியவை, சில செட்டைப் பற்றியவை. செட்டுக்குரிய சொல்லை டிஸ்க்கின் மேல் ஏற்றிப் பார்ப்பதால்தான், பழுதே இல்லாத செட்டுகள் பழுதென்று மேசைக்கு வருகின்றன.

“பின்னாடி பாக்ஸ்ல பாட்டுக் குரலே வரலண்ணே” என்பது இந்தத் தொழிலில் பழகிப்போன புகார். காரணம் பெரும்பாலும் ஸ்பீக்கரில் இருக்காது. 1993இல் வந்த வி.சி.டி.யில் இருப்பது இடம், வலம் என்று இரண்டே தடம். அசெம்பிள் செட்டில் ஆறு ஸ்பீக்கர் மாட்டினால் பின் பாக்ஸுக்கு எங்கிருந்தாவது ஒலி கொடுத்தாக வேண்டும். எனவே மலிவான போர்டு இடத்திலிருந்து வலத்தைக் கழித்து, மிச்சத்தைப் பின்னால் அனுப்புகிறது. பாடகர் குரல் இரண்டு தடத்திலும் ஒரே அளவில் பதிந்திருப்பதால் கழித்தால் பூஜ்யம். ஓரமாக நிற்கும் வயலினும் எதிரொலியும் மட்டும் தப்பிப் பின்னால் போகும். நிஜமான 5.1 என்பது டிவிடியிலேயே தனித்தனியாக எழுதப்பட்ட ஐந்து தடமும், 120 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வுக்கென ஒரு தடமும். அந்தக் கடைசித் தடம்தான் புள்ளி ஒன்று. ஆனால் அந்த டிவிடியையும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் மாட்டினால், பிளேயர் தடங்களைக் கலந்து இரண்டாக்கித்தான் வெளியே விடும். வாய்க்கால் இடுங்கிய இடம் அதுதான். 4440 ஆம்ப்ளிஃபையர் போர்டைக் கழற்றி 5200 - 1943 டிரான்சிஸ்டர் போர்டு போட்டாலும் சத்தம் கூடுமே தவிர, தடம் கூடாது.

டி.டி.எஸ். என்ற சொல்லில் இன்னொரு குழப்பம். 1996இல் ‘கறுப்பு ரோஜா’ மூலம் தமிழ்ப் படத்துக்கு வந்த தியேட்டர் டி.டி.எஸ்.ஸில், ஃபிலிம் ஓரத்தில் நேரக்குறி மட்டும் இருக்கும். ஒலி தனி டிஸ்க்கில் ஓடும். டிவிடியில் உள்ள டி.டி.எஸ். வேறு வகையில் சுருக்கி எழுதப்பட்டது. பெயர் ஒன்று, சரக்கு வேறு. பி.எம்.பி.ஓ. வாட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டாம்: பின்பக்கத் தகட்டில் மின்செலவு 60 வாட் என்றிருக்கும் பெட்டி, முன்பக்கத்தில் 5000 வாட் பேசினால் மீதியை யார் தருகிறார்கள் என்று மின்வாரியத்தைத்தான் கேட்க வேண்டும்.

படத்துக்கும் இதே கணக்கு. வி.சி.டி.யின் பால் (PAL) முறைப் படத்தில் 288 வரிதான் உண்டு. 1973இல் ‘ராஜராஜ சோழன்’ தொடங்கிவைத்த சினிமாஸ்கோப் அகலத்தை அப்படியே 4:3 சட்டத்துக்குள் அடக்கினால், மேலும் கீழும் கறுப்புப் பட்டை போகப் படத்துக்கு மிஞ்சுவது சுமார் 163 வரி. 2006 முதல் அரசு கொடுத்த 14 அங்குல இலவச டிவியிலும், 2007இல் மோசர் பேயர் 28 ரூபாய்க்கு இறக்கிய வி.சி.டி.யிலும் பலர் பார்த்தது இந்த 163 வரிச் சினிமாஸ்கோப்தான். பட்டையை ஒழிக்க இழுத்துவிட்டால் கதாநாயகி ஒல்லியாகிறாள், வரி கூடுவதில்லை. இன்னொன்று: நொடிக்கு 24 சட்டமாக எடுத்த படத்தை பால் டிஸ்க்கில் 25ஆக ஓட்டினால், 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் பாட்டு அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறி நிற்கும். காது உள்ளவர் அதையும் செட்டின் குறை என்றே சொல்வார்.

காதுக்கு நன்றாக இருந்தால் போதாதா, சொல்லை ஏன் ஆராய வேண்டும் என்று கேட்பார்கள். போதும்தான். இரண்டு நல்ல ஸ்பீக்கரில் ஸ்டீரியோ கேட்டு நிறைவடைபவரை நான் மறுக்கமாட்டேன். ஆறு சுமாரான ஸ்பீக்கரைவிட அது மேல். ஆனால் கூடுதல் பணம் வாங்குவது சொல்லைக் காட்டித்தானே? டிஸ்க் காலமே முடிந்துவிட்டது என்பது அடுத்த வாதம். டிஸ்க் போனது; சொற்கள் செயலிக்குள்ளும் செட்டாப் பாக்ஸுக்குள்ளும் குடியேறிவிட்டன. 4கே டிவியில் உள்ள புள்ளிகள் 82,94,400. சாதாரண எஸ்.டி. சேனல் தருவது 720க்கு 576, அதாவது 4,14,720. ஒரு புள்ளியை இருபதாக நீட்டி டிவியே நிரப்பிக்கொள்கிறது. அட்மாஸ் ஒலியும் அப்படித்தான்: படத்தில் இருக்க வேண்டும், செயலி அனுப்ப வேண்டும், டிவி கடத்த வேண்டும், செட் பிரித்தெடுக்க வேண்டும். நாலில் ஒன்று தவறினாலும் வருவது வெறும் ஸ்டீரியோவாகவே இருக்கலாம்.

செட் வாங்கப் பழனிக்கோ திண்டுக்கல்லுக்கோ பஸ் ஏறுமுன், உங்கள் டிவியின் பின்பக்கத்தை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்டிகல் என்றோ ஏ.ஆர்.சி. என்றோ எழுதிய துளை அதில் இருந்தால் 5.1 விலை கேளுங்கள். இல்லையென்றால் நல்ல ஸ்டீரியோ செட்டாகப் பார்த்து வாங்குங்கள்.