உடுக்கையின் இடுப்புக் கயிறு

அறச்சலூரைத் தாண்டி ஒரு சிற்றூரின் அண்ணமார் கோயில். பொங்கல் வைத்த அடுப்பில் இன்னும் தணல் இருந்தது. உடுக்கையடிக்கும் பெரியவர் தோலை அதன் சூட்டில் லேசாகக் காட்டினார். பனி இறங்கினால் தோல் தொய்ந்துவிடுமாம்.

"புடிச்சுப் பாரு கண்ணு."

பித்தளை உடல். இரண்டு முகத்திலும் மெல்லிய ஜவ்வு. முகவளையங்களை இழுத்துப் பிடிக்கும் கயிறு, அதன் நடுவில் சுற்றிய துணிப்பட்டை. நான் தட்டியபோது ஒரே சத்தம்தான் வந்தது. அவர் வாங்கி, இடக்கையால் அதன் இடுப்பை இறுக்கினார். ஒலி மேலே ஏறியது. பிடியைத் தளர்த்தியதும் சரிந்தது.

"கதையில தங்காள் அழுகற எடத்துல இப்பிடித்தான் வுட்டு வுட்டுப் புடிக்கோணும்."

"இது எங்கிருந்துங்க ஐயா வந்துச்சு?"

"சிவன் கையில இருந்ததுதான்."

ஆடவல்லான் செப்புத் திருமேனியின் வலக்கையில் இருப்பதும் இதே வடிவம்தான். சோழர் வார்ப்புகளுக்குப் பல நூற்றாண்டு முன்பே புறநானூறு துடியனைச் சொல்கிறது. அந்தத் துடிதான் உடுக்கை என்று பலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது அவசரமாகப் படுகிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் தோற்கருவிகளை அடுக்குகையில் உடுக்கை, இடக்கை, தமருகம், துடி எல்லாவற்றையும் தனித்தனியாகவே வைக்கிறார். அவர் கண்ணுக்கு இவை வேறு வேறு. ஜப்பானின் சுசுமியும் மேற்கு ஆப்பிரிக்காவின் 'பேசும் முழவும்' இடுப்பு ஒடுங்கியவை, கயிற்றை இறுக்கிச் சுருதி ஏற்றுபவை. வடிவத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் பிறந்த ஊர் கிடைக்காது.

அறச்சலூர் நாகமலைக் குகையிலும் ஒரு தடயம் உண்டு. தமிழ் பிராமி எழுத்தில் த, தை, தா, தே என்ற தாள அசைகள் ஐந்து வரியில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைச் சேர்த்தமைத்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். கருவியின் பெயரை அவன் எழுதவில்லை.

இந்தக் கொங்கு வட்டாரத்தின் பங்கு உறுதியாகத் தெரிவது கதையில்தான். 1965இல் மானுடவியலாளர் பிரெண்டா பெக் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் அண்ணன்மார் கதையை இரவிரவாக ஒலிப்பதிவு செய்தார். அத்தனை இரவுகளையும் தாங்கியது இந்தச் சின்னத் தோற்கருவி. கதையின் அண்ணன்மாரான பொன்னரும் சங்கரும் மடிந்தபின் தங்கை தங்காள் அழும் அழுகைக்கு இந்த இடுப்புக் கயிறு பழகியிருப்பதை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

"ஆருங்க செஞ்சு குடுத்தது?"

"ஒடம்பு எங்க மாமன் வெச்சிருந்தது. தோலும் கயிறும் நாந்தான் மாத்திக்கறது. அடுத்தவன் கட்டுனா என்ற கைக்குச் சேராது."