மதுரங்குளியில் செய்த பலகை

கொழும்பிலிருந்து புத்தளம் போகும் பஸ் சிலாபத்தைத் தாண்டினால் இரு பக்கமும் தென்னந்தோட்டம்தான். முந்தலுக்கு அடுத்து, புத்தளத்துக்கு முன்னால் வருகிறது மதுரங்குளி. கடலோர ஊர் என்று நண்பன் சொல்லியிருந்தான். ஆனால் சந்தியில் இறங்கினால் கடல் கண்ணில் படாது. மேற்கே ஊர்கள், இறால் பண்ணைகள், முந்தல் களப்பையும் புத்தளம் களப்பையும் இணைக்கும் டச்சுக் கால்வாய், அதற்கும் அப்பால் மணல் திட்டு. கடல் அதற்குப் பிறகுதான்.

நான் வந்தது கடலுக்காக மட்டுமல்ல, ஒரு தச்சுப் பட்டறைக்காகவும். கதவு, ஜன்னல் நிலை செய்யும் பட்டறை அது. அதை நடத்தும் நானா ஒரு காலத்தில் மீன்பிடி வள்ளங்களைத் திருத்தியவர். நான் விரித்துக் காட்டிய அலைச்சறுக்குப் பலகையின் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது என்ன தம்பி, மூடி போட்ட சந்தூக்கு மாதிரிக் கிடக்கு?” என்றார். மையித்தைச் சுமக்கும் பெட்டியோடு ஒப்பிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் உள்ளே வெறும் கூடு என்பதை ஒரு பார்வையிலேயே பிடித்துவிட்டார்.

இன்றைய அலைச்சறுக்குப் பலகையின் உள்ளே இருப்பது நுரை. 1950களின் கடைசியில் கலிபோர்னியாவில் பொலியூரெதேன் நுரை வந்ததும் மரம் ஒதுங்கிப்போனது. அதற்கு முன்பு எல்லாமே மரம்தான். ஹவாயில் அரச குலத்தார் ஏறிய நீளமான ‘ஓலோ’ பலகைகளை விலிவிலி என்ற லேசான மரத்தில் செய்தார்கள். யாழ்ப்பாணத்துக் கல்யாண வீட்டில் கன்னிக்காலாக நடுகிற முள்முருக்கும் விலிவிலியும் ஒரே பேரினம். 1926இல் டொம் பிளேக் என்ற அமெரிக்கர் ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் கிடந்த பழைய ஓலோக்களைப் பழுது பார்த்தார். பிறகு தானும் ஒன்று செய்ய நினைத்தார். கனத்தைக் குறைப்பதற்காகப் பலகை முழுக்க நூற்றுக்கணக்கில் துளை போட்டு, மேலும் கீழும் மெல்லிய மரத்தோல் ஒட்டி மூடினார். அதிலிருந்து கூடான பலகைக்கு வந்து, 1932இல் காப்புரிமையும் பெற்றார். 1935இல் பலகையின் அடியில் துடுப்புத் தகடு வைத்துப் பார்த்தவரும் அவரே. எங்கள் பலகை அவர் போட்ட வழியில்தான் உருவானது.

நடுவே ஒரு முதுகெலும்பு. அதன் கீழ் விளிம்பு வளைவுதான் பலகையின் மூக்கு எவ்வளவு தூக்கும் என்பதைத் தீர்மானிக்கும். இருபுறமும் விலா எலும்பு போல வங்குகள். இவை ஆறு மில்லிமீற்றர் பிளைவுட். ஓரத்துக்கு மலைவேம்புச் சட்டம்; தச்சர்கள் லுணுமிதெல்ல என்று கேட்டு வாங்குவது இதைத்தான். இந்த நாட்டு ‘ஒரு’ எனும் வள்ளத்தின் பக்கக் கட்டைக்கும் தெப்பத்துக்கும் பழகிய மரம், தண்ணீரில் மிதக்கப் பிறந்தது. மேல்தோலுக்கு மொரட்டுவையிலிருந்து கொண்டுவந்த வெனீர்த் தாள்கள். ஒரு தாளின் இழை நீளவாக்கில் ஓடினால் அடுத்ததன் இழை குறுக்காக ஓட வேண்டும். இல்லாவிட்டால் வளைக்கும்போதே பிளந்துவிடும்.

வெனீருக்கு இந்த நாட்டில் ஒரு கசப்பான கதையும் உண்டு. தேயிலைப் பெட்டிகளுக்கான பிளைவுட்டுக்காகக் காலிப் பக்கத்து மழைக்காடுகள் வெட்டப்பட்டன. 1970களில் சிங்கராஜவுக்குள்ளேயே மரம் தறித்தார்கள். மக்கள் எதிர்ப்பால் அது நின்றது. 1988இல் சிங்கராஜ உலக மரபுரிமை ஆனது. அதனால் தோட்ட மரத்து வெனீர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். விற்றவருக்கு என் அக்கறை கொஞ்சம் வேடிக்கையாக இருந்திருக்கும்.

பசை காயும்வரை பிடித்துவைக்க இடுக்கிகள் போதவில்லை. நானா பழைய சைக்கிள் டியூப்களை நீளமாக வெட்டிப் பலகையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். கசிவு பார்த்த விதம் அதைவிட அழகு. காற்றுத் துளையில் டியூப் வால்வை வைத்து, பம்பால் மெல்ல இரண்டு அடி காற்று, மேலே சவர்க்கார நுரை. குமிழ் எழும் இடத்தில் மறுபடி பசை. அந்தக் காற்றுத் துளை இல்லாமல் கூடான பலகை பிழைக்காது. வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து ஒட்டைப் பிரித்துவிடும். கரையில் திறந்து வைக்க வேண்டும், தண்ணீரில் இறங்குமுன் திருகி மூட வேண்டும். கடைசியில் மெல்லிய கண்ணாடி இழைத் துணி, எப்பொக்சிப் பூச்சு. பைபர் போட் கட்டும் சாதாரண ரெசின் மலிவு என்றாலும் மரத்தில் அது அவ்வளவு பிடிப்பதில்லை.

பலகையைப் பட்டா லொறியில் ஏற்றி, பத்துளு ஓயாவில் திரும்பி உடப்புக்குப் போனோம். திரௌபதை அம்மன் கோயில் தீமிதிக்குப் பேர்போன தமிழ் மீனவ ஊர். சோழகக் காற்றுக் காலத்தில் இந்தக் கடல் கொந்தளிக்கும்; இங்குள்ள பலர் அப்போது கிழக்குக் கரைக்குப் போய் வாடி போடுவார்கள். நாங்கள் போனது காற்று ஓய்ந்த ஐப்பசியில். அறுகம்குடாவைப் போல முனையைச் சுற்றி நீண்டு ஓடும் அலையை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. தெற்கிலிருந்து வரும் அலை இந்தக் கரையைச் சாய்வாகத் தொடுகிறது. வருவது சிறிய அலை, கரைக்கு அருகிலேயே உடைந்து விழுகிறது.

அந்தச் சின்ன அலைக்கு மரப்பலகை பொருத்தம் என்பதுதான் எனக்குப் புரிந்தது. அலையை முன்கூட்டியே பிடிக்கிறது, கனம் இருப்பதால் பிடித்த வேகத்தை விடுவதில்லை. அடியில் தண்ணீர் அறையும் சத்தம் கூட்டுக்குள் முழங்கிக் காலில் ஏறுகிறது. திருப்பத்தான் மனம் வராது அதற்கு. கரையோரத்தில் அது கையை விட்டு நழுவினால் முழங்காலுக்கு ஆபத்து.

கரையில் நின்ற பெரியவர் ஒருவர் பலகையைத் தட்டிப் பார்த்தார். சின்ன வயதில் தெப்பத்தில் நின்றபடியே அலையோடு கரைக்கு வருவாராம். “நாங்க செய்ததுதான் தம்பி, நீங்க பேர் வச்சிருக்கீங்க” என்றார். இலங்கையில் இந்த விளையாட்டு 1970களில் வெளிநாட்டார் அறுகம்குடாவுக்கு வந்தபோது தொடங்கியது என்று எழுதுகிறவர்கள் அவரிடம் ஒருமுறை பேசலாம்.

உடப்பில் அலையேற நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காற்று ஓய்ந்த காலம்தான் கரைவலைக் காலமும். வலை வளைத்திருக்கும்போது தண்ணீரில் இறங்காதீர்கள். அது பலருடைய அன்றைய கூலி. முதலில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேளுங்கள், எந்தப் பக்கம் இறங்கலாம் என்று அவரே காட்டுவார்.