அணிவகுப்பில் இருந்த பெண்

சோஃபி ஷோல் என்ற ஜெர்மன் பெண்ணின் கடைசி நாட்களைப் பற்றி 2005-இல் ஒரு படம் வந்தது. நண்பர் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து அதைப் பார்த்தோம். ஹிட்லருக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் போட்டதற்காக இருபத்தோரு வயதில் தலை வெட்டப்பட்டவள் அவள். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் யாரும் பேசவில்லை. கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் நண்பரின் மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“அங்கிள், இந்தப் பொண்ணு தைரியசாலி, சரி. ஆனா இவளுக்கு மட்டும் எப்படிப் புரிஞ்சுது? ஊரே கையைத் தூக்கிட்டு நிக்கும்போது?”

அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மிச்சத்தை இங்கே சொல்கிறேன்.

முதல் விஷயம், அவளும் கையைத் தூக்கியவள்தான். படம் 1943 பிப்ரவரியின் ஆறே நாட்களைக் காட்டுகிறது. அதனால் அவள் பிறக்கும்போதே எல்லாம் தெரிந்து பிறந்தவள் போலத் தோன்றுகிறது. எனக்கென்னவோ அதற்கு முந்தைய பத்து வருடங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன.

1933 ஜனவரி 30-ஆம் தேதி ஹிட்லர் பதவிக்கு வந்தபோது சோஃபிக்குப் பதினொரு வயது. டான்யூப் நதிக்கரையில் உல்ம் என்ற ஊர். அக்கா இங்கே, அண்ணன் ஹான்ஸ், இன்னொரு அக்கா எலிசபெத், தம்பி வெர்னர் என்று கலகலப்பான வீடு. ஐந்து பேரும் அடுத்தடுத்து ஹிட்லரின் இளைஞர் அமைப்புகளில் போய்ச் சேர்ந்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எல்லாப் பிள்ளைகளும் அதில் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது 1936 டிசம்பரில்தான். இவர்கள் ஆசைப்பட்டுப் போனவர்கள். சோஃபி சிறுமிகள் பிரிவில் சேர்ந்து, சீக்கிரமே ஒரு குழுவுக்குத் தலைவியும் ஆனாள்.

ஏன் ஆசைப்பட்டார்கள் என்பதை இங்கே போருக்குப் பிறகு எழுதிய புத்தகத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். மலையேற்றம், இரவில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாட்டு, கொடி, முரசு. பெரியவர்கள் யாரும் அதுவரை மதிக்காத பிள்ளைகளை ஒருவர் கூப்பிட்டு ‘நாடே உங்கள் கையில்தான் இருக்கிறது’ என்றால் எந்தப் பிள்ளைதான் போகாது? நான் பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தவன். நூறு ஜோடி பூட்ஸ் ஒரே சமயத்தில் தரையில் மோதும்போது உடம்புக்குள் ஒன்று ஜிவ்வென்று ஏறும். பரேடு முடிந்ததும் கிடைக்கும் பூரி-கிழங்கு கூட அதற்கு அப்புறம்தான். அந்த ஜிவ்வை வைத்துக்கொண்டு நல்லதும் செய்யலாம், கொலையும் செய்யலாம் என்பது பதினான்கு வயதில் தெரியாது.

வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அப்பா ராபர்ட் ஷோல். முன்பு ஃபோர்க்டன்பெர்க் என்ற சின்ன ஊரில் மேயராக இருந்தவர். உல்முக்கு வந்த பிறகு வரிக் கணக்குப் பார்க்கும் ஆபீஸ் வைத்திருந்தார். ஹேமலின் ஊரில் குழல் ஊதிக் குழந்தைகளை அழைத்துப் போனானே, அவன்தான் இந்த ஹிட்லர் என்று பிள்ளைகளிடம் சொன்னார். பிள்ளைகள் கேட்கவில்லை. ஹான்ஸ் சுவரில் ஹிட்லர் படத்தை மாட்டுவான், அப்பா கழற்றி டிராயருக்குள் வைப்பார். மறுநாள் அது மறுபடி சுவரில் இருக்கும்.

அந்த அப்பாவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. நம் வீடுகளில் என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். ‘ஊரோடு ஒத்துப் போ’ என்று விட்டிருப்போம், அல்லது முதுகில் நாலு சாத்துச் சாத்தியிருப்போம். இவர் பிள்ளைகளைத் தடுக்கவும் இல்லை, தன் கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் சண்டை போட்டுக்கொண்டே காத்திருந்தார்.

சண்டையில் அவர் ஜெயிக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கண் திறந்தது வேறு இடத்தில்.

ஹான்ஸ் கிடார் வாசிப்பான். ரஷ்ய நாட்டுப்பாடல், நார்வே பாடல் எல்லாம் குழுவுக்குக் கற்றுக்கொடுத்தான். மேலிடம் கூப்பிட்டு, ‘நம் பாட்டை மட்டும் பாடு’ என்றது. ஸ்டெஃபான் ஸ்வெய்க் எழுதிய ஒரு புத்தகம் அவனுக்கு உயிர். ஸ்வெய்க் யூதர் என்பதால் அதையும் படிக்கக் கூடாது என்றார்கள். 1935-இல் நியூரம்பெர்கில் கட்சியின் மாபெரும் பேரணிக்குக் கொடி பிடிக்க உல்மிலிருந்து அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். வீடே பெருமைப்பட்டது, அப்பாவைத் தவிர. திரும்பி வந்தவன் முகத்தில் சந்தோஷமே இல்லை. பல நாள் பயிற்சி, எல்லோருக்கும் ஒரே பேச்சு, ஒரே நடை, யோசிக்க ஒரு நிமிஷம் கிடையாது. ஒரு பையனை இன்னொரு பையனிடமிருந்து பிரித்துச் சொல்ல முடியாத அந்தக் கூட்டம் அவனுக்கு மூச்சை அடைத்தது.

அப்புறம் அந்தக் கொடி விவகாரம். அவனுடைய குழுப் பையன்கள் ஏதோ ஒரு கற்பனை மிருகத்தின் படம் போட்டுத் தாங்களே ஒரு கொடி தைத்திருந்தார்கள். மேலதிகாரி ஒருவன் வந்து, தனிக்கொடி எல்லாம் கிடையாது, கொடு என்றான். அதை வைத்திருந்த பன்னிரண்டு வயதுப் பையன் தர மாட்டேன் என்று நின்றான். அதிகாரி மிரட்ட, ஹான்ஸ் வரிசையை விட்டு வெளியே வந்து அவனை அறைந்துவிட்டான். தலைவர் பதவி போயிற்று.

பாட்டு, புத்தகம், பையன்கள் தைத்த கொடி. இவ்வளவுதான். சர்வாதிகாரம் என்ற பெரிய வார்த்தை இன்னும் வரவில்லை.

சோஃபியின் கதை அதைவிடச் சின்னது. வகுப்பில் ஒரு யூதத் தோழி. பொன்னிறத் தலைமுடி, நீலக்கண். கட்சி மேடைகளில் வர்ணிக்கும் அசல் ஜெர்மன் பெண் அவள்தான். சோஃபிக்கோ கறுத்த முடி, கறுத்த கண். அவளைச் சேர்த்துக்கொள்ளாமல் என்னை மட்டும் எப்படிச் சேர்த்தீர்கள் என்று சோஃபி திரும்பத் திரும்பக் கேட்டாளாம். பன்னிரண்டு வயதுக் கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல அந்தப் பெரிய சாம்ராஜ்யத்தில் ஓர் ஆள் இல்லை. பிறகு சிறுமியர் கூட்டத்தில் எதைப் படிக்கலாம் என்று பேச்சு வந்தபோது, ஹைனே கவிதைகளைப் படிக்கலாம் என்றாளாம். ஹைனே யூதராகப் பிறந்தவர். மற்றவர்கள் திகைத்துப்போனார்கள்.

கவனியுங்கள், இதற்கெல்லாம் பிறகும் அவள் அமைப்பை விட்டு வரவில்லை. விழிப்பு என்றால் அலாரம் அடித்ததும் எழுந்து உட்காருவது இல்லை போலிருக்கிறது. புரண்டு படுத்து, மறுபடி கண்ணயர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடக்கிறது.

1937 இலையுதிர் காலத்தில் கெஸ்டபோ கதவைத் தட்டியது. தடைசெய்யப்பட்ட இளைஞர் குழுவோடு ஹான்ஸுக்குத் தொடர்பு என்று புகார். இங்கே, வெர்னர், சோஃபி மூன்று பேரையும் பிடித்துப் போனார்கள். சோஃபியை உடனே விட்டுவிட்டார்கள், வயது பதினாறுதான். ஹான்ஸையும் பின்னால் கைது செய்தார்கள். அதன்பிறகு அந்த வீட்டில் ஹிட்லர் படத்தை மாட்டுவதா கழற்றுவதா என்ற சண்டை இல்லை. அப்பாவும் பிள்ளைகளும் ஒரே பக்கம்.

போர் வந்தது. 1939 செப்டம்பரிலிருந்து அயல்நாட்டு ரேடியோ கேட்பதே குற்றம். 76 மார்க்குக்கு மலிவு ரேடியோ செய்து வீட்டுக்கு வீடு விற்றதும் இதே அரசுதான். அந்த மாடலின் எண் 301. ஜனவரி 30, அதாவது 30-1, தலைவர் பதவியேற்ற நாள். பெட்டியின் பெயரில்கூட ஆள் உட்கார்ந்திருந்தார்!

அம்மாவின் தோழி ஒருவர் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் இல்லத்தில் நர்ஸ். அவர் வந்து சொன்னதை இங்கே எழுதியிருக்கிறார். கறுப்பு லாரிகள் வந்து குழந்தைகளை ஏற்றிப் போகின்றன, போனவர்கள் திரும்புவதில்லை. லாரி எங்கே போகிறது என்று குழந்தைகள் கேட்க, வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொர்க்கத்துக்கு என்றார்களாம் நர்ஸுகள். மிச்சக் குழந்தைகள் பாடிக்கொண்டே ஏறினார்களாம். இதற்கு மேல் இதைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

1941-இல் ம்யூன்ஸ்டர் நகரத்து பிஷப் ஃபான் காலென் இந்தக் கொலைகளைக் கண்டித்து ஆலயத்தில் பேசினார். அந்தப் பேச்சின் பிரதி ஒன்று ஷோல் வீட்டுத் தபால் பெட்டியில் விழுந்தது, அனுப்பியவர் பெயர் இல்லாமல். ஹான்ஸ் அதைப் படித்துவிட்டு, நம்மிடமும் ஒரு பிரதி எடுக்கும் மெஷின் இருக்க வேண்டும் என்றான்.

மெஷின் வந்தது. நம் ஊரில் ரோனியோ, சைக்ளோஸ்டைல் என்போமே, அந்த ஜாதி. 1942 கோடையில் மியூனிக்கில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஹான்ஸும் நண்பன் அலெக்ஸாண்டர் ஷ்மோரெல்லும் முதல் நாலு துண்டுப்பிரசுரங்களை எழுதினார்கள். ‘வெள்ளை ரோஜா’ என்று பெயர். தலைக்கு நூறு பிரதிதான். அந்த மே மாதம்தான் சோஃபி உயிரியலும் தத்துவமும் படிக்க அங்கே வந்து சேர்ந்திருந்தாள். அந்த வருடமே அப்பாவுக்கு நாலு மாதச் சிறை. ஹிட்லரைக் கடவுள் அனுப்பிய சாட்டை என்று ஆபீஸில் சொன்னதை, கூட வேலை பார்த்தவரே போய்ப் போட்டுக்கொடுத்துவிட்டார். சோஃபி சிறைச் சுவருக்கு வெளியே நின்று, எண்ணங்களுக்கு விலங்கில்லை என்ற பொருளில் வரும் பழைய நாட்டுப்பாடலைப் புல்லாங்குழலில் வாசித்தாள் என்று சொல்வார்கள்.

1943 ஜனவரியில் வந்த ஐந்தாவது பிரசுரம் ஆயிரக்கணக்கில் போயிற்று. இங்கேதான் சோஃபியின் கை தெரிகிறது. வரவு செலவுக் கணக்கு அவளுடையது. தபால் தலையை ஒரே ஆபீஸில் மொத்தமாக வாங்கினால் சந்தேகம் வரும், கவரும் காகிதமும் அப்படியே. கடை கடையாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். பிறகு ரயிலேறி ஆக்ஸ்பர்க், ஸ்டுட்கார்ட் என்று ஊர் ஊராகப் போய்த் தபாலில் போட வேண்டும், மியூனிக் முத்திரை விழாமல். உல்மில் ஹான்ஸ் ஹிர்ஸெல், ஃபிரான்ஸ் ம்யூல்லர் என்ற இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள் சர்ச்சுக்குள் ஆர்கன் வாத்தியத்தின் பின்னால் உட்கார்ந்து கவர்களில் பிரசுரங்களைத் திணித்தார்கள். எனக்குத் துப்பாக்கி பிடித்த வீரர்களைவிட இந்தக் கவர் ஒட்டிய பிள்ளைகளைத்தான் பிடிக்கிறது.

சில வருடங்களுக்கு முன் மியூனிக் போயிருந்தபோது அந்தப் பல்கலைக்கழக வாசலுக்குப் போனேன். தரையில் காகிதங்கள் சிதறிக் கிடந்தன. குனிந்தேன். காகிதம் இல்லை, கல்பாவிய தரையிலேயே பதித்து வைத்திருக்கிறார்கள், அந்தப் பிரசுரங்களின் வடிவத்தில். எனக்கு முன்னால் போன ஜப்பானியப் பாட்டியும் இப்படித்தான் குனிந்தார்.

1943 பிப்ரவரி 18. ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை சரணடைந்து இரண்டு வாரம்தான் தாண்டியிருந்தது. அண்ணனும் தங்கையும் ஆறாவது பிரசுரத்தைப் பெட்டியில் கொண்டுபோய் வகுப்பு வாசல்களில் வைத்தார்கள். மிச்சமிருந்ததை சோஃபி மாடிக் கைப்பிடியிலிருந்து கீழே தள்ளிவிட்டாள். பார்த்துவிட்ட பல்கலை ஊழியர் ஓடிவந்து பிடித்தார். நாலாம் நாள் விசாரணை, அன்றே மாலை தண்டனை. சோஃபி, ஹான்ஸ், மூன்று குழந்தைகளுக்குத் தகப்பனான கிறிஸ்டோஃப் புரோப்ஸ்ட். அண்ணன் பேச்சைக் கேட்டுச் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க விசாரணை அதிகாரி வழி காட்டியும் அவள் சொல்லவில்லை. பிடித்துக்கொடுத்த ஊழியருக்குப் பரிசாக 3,000 மார்க் கிடைத்தது. அதே பல்கலையில் மாணவர்கள் கூடி அவருக்கு ஆரவாரம் செய்தார்கள். அவர்களில் பலர் சோஃபியோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தவர்களாகக்கூட இருக்கலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். சோஃபிக்கு ஒரு காதலர் இருந்தார். ஃபிரிட்ஸ் ஹார்ட்னாகல், ராணுவ அதிகாரி. 1941 குளிர்காலத்தில் ரஷ்யப் போர்முனைச் சிப்பாய்களுக்காக வீடு வீடாகக் கம்பளித் துணி வசூலித்தார்கள். சோஃபி ஒரு கையுறைகூடக் கொடுக்கவில்லை. ஃபிரிட்ஸ் ஆடிப்போனார். அங்கே விறைத்துச் சாகிறவர்கள் அவருடைய ஆட்கள். உறைவது ஜெர்மன்காரனா ரஷ்யனா என்பதில் வித்தியாசமில்லை, இரண்டும் கொடுமைதான், ஆனால் இந்தப் போரில் நாம் தோற்றாக வேண்டும், கம்பளி கொடுத்தால் போர் நீளும் என்றாள் அவள். அவருக்கு அதை ஏற்பது சுலபமாக இல்லை. யாருக்குத்தான் சுலபம்? எனக்கே இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது.

ஃபிரிட்ஸ் அதன்பிறகு ஸ்டாலின்கிராடில் மாட்டிக்கொண்டார். 1943 ஜனவரியில் அங்கிருந்து கடைசியாகக் கிளம்பிய விமானங்களில் ஒன்றில் வெளியே வந்தார், உறைபனியில் விரல்களை இழந்து. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. போர் முடிந்ததும் சோஃபியின் அக்கா எலிசபெத்தை மணந்துகொண்டார். சட்டம் படித்து நீதிபதி ஆனார். 1980-களில் முட்லாங்கன் என்ற ஊரில் அமெரிக்க அணு ஏவுகணைகளைக் கொண்டுவந்து வைத்தபோது, அறுபது வயதைத் தாண்டியிருந்த அந்த முன்னாள் ராணுவ அதிகாரி, தளத்துக்குப் போகும் பாதையை மறித்துத் தரையில் உட்கார்ந்தவர்களோடு போய் உட்கார்ந்தார்.